கதிர்வீச்சு: பயம் ஓரிடம், பாதிப்பு வேறிடம்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, கீமோவும் முடிந்து, 'இனி கரண்ட் வைக்கணும்' என்று மருத்துவமனையில் சொன்னதும் வீடுகளில் எழும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. உடம்பு வெந்துவிடுமா? இப்போதுதான் முளைத்த முடி மறுபடியும் கொட்டுமா? பேரக்குழந்தையைத் தூக்கலாமா? தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டுமா? எல்லாவற்றுக்கும் பதில் உண்டு, பெரும்பாலும் ஆறுதலான பதில். என் இதயத்துக்கு எவ்வளவு கதிர் போகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கதிர்வீச்சின் பக்கவிளைவுகளில் ஆண்டுக்கணக்கில் கவனிக்க வேண்டியது எது என்று பார்த்தால், அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும்.

வீட்டுக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். மார்பகத்துக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் கதிர் பாய்ச்சுகிறார்கள். லீனியர் ஆக்சிலரேட்டர் எந்திரத்தை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. கோபால்ட் எந்திரமானாலும் அப்படித்தான். சிகிச்சை முடிந்து வந்தவரின் மடியில் குழந்தை தாராளமாக உட்காரலாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடினை விழுங்கக் கொடுத்துச் சில நாள் தனி அறையில் வைப்பது உண்டு. அந்தச் சங்கதிதான் இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. தலைமுடி கொட்டாது. கதிர் படும் இடத்து முடி, அதாவது அக்குள் முடி மட்டும் உதிரலாம். வாந்தியும் பொதுவாக இருக்காது. 'கரண்ட் வைத்தால் உடம்பு சூடாகும், கோழி ஆகாது, முட்டை ஆகாது' என்று வாரக்கணக்கில் கஞ்சியும் இளநீருமாக ஓட்டும் வீடுகள் நம்மிடையே உண்டு. கதிர்வீச்சுக்கும் நாம் சொல்கிற உடற்சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை. புண்பட்ட தோல் ஆறப் புரதம் வேண்டும். முட்டையை நிறுத்துவது நோயாளிக்கு நாமே செய்கிற கெடுதல்.

சரி, கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, பிறகு எதற்கு இது? மார்பகத்திலோ, மார்புச் சுவரிலோ, நிணநீர்க் கணுக்களிலோ கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தட்டுப்படாத புற்றணுக்கள் மிஞ்சியிருக்கலாம் என்பதுதான் காரணம். ஆக்ஸ்ஃபோர்டை மையமாகக் கொண்ட ஒரு கூட்டாய்வுக் குழு, 17 சோதனைகளில் பங்கேற்ற 10,801 பெண்களின் விவரங்களைத் திரட்டி 2011-இல் வெளியிட்டது. எல்லோரும் மார்பகத்தை அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள். கதிர்வீச்சு பெறாதவர்களில் 10 ஆண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் நூற்றுக்கு 35 பேர், பெற்றவர்களில் 19 பேர். 15 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு 25-லிருந்து 21 ஆகக் குறைந்தனர். மார்பகத்தை முழுதாக அகற்றியவர்களிலும், அக்குள் கணுக்களுக்கு நோய் பரவியிருந்தால் கதிர்வீச்சு உயிர் காக்கிறது என்று அதே குழு 2014-இல் காட்டியது. நூற்றுக்கு 4 உயிர் என்ற அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் ஆபத்துகளை அதன் பக்கத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

சிகிச்சை மேசையில் நடப்பது மிகச் சாதாரணமானது. இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, மேலாடையின்றி, சாய்ந்த பலகையில் அசையாமல் படுக்க வேண்டும். மார்பில் மையால் வரைந்த கோடுகளும் புள்ளிகளும் எந்திரத்தின் ஒளிக்கோட்டோடு பொருந்துகிறதா என்று தொழில்நுட்பர் சரிபார்த்து, விரற்கடை அளவு இப்படியும் அப்படியும் நகர்த்திவிட்டு வெளியே போய்விடுவார். கதிர் பாய்வது சில நிமிடம்தான். வலிக்காது, சுடாது. உண்மையில் பலருக்குக் கஷ்டமாக இருப்பது அந்தக் கை தூக்கல்தான். அறுவைக்குப் பின் தோள்பட்டை இறுகிப்போயிருந்தால் அந்த நிலையில் படுக்கவே முடியாது. சுவரில் விரல்களால் மேலேறும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

தோலில் மாற்றம் தெரிவது இரண்டு, மூன்று வாரம் கழித்து. ஆங்கிலப் புத்தகங்கள் 'சிவக்கும்' என்று எழுதும். நம் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கருத்து, தடித்து, அரிக்கும். மார்பகத்தின் அடிமடிப்பிலும் அக்குளிலும், அதாவது வியர்வையும் உராய்வும் சேரும் இடங்களில், தோல் உரிந்து நீர் கசியலாம். பலரும் தடுமாறுவது ஒரு விஷயத்தில்: கடைசி சிட்டிங் முடிந்தபின் ஒன்றிரண்டு வாரம் தோல் இன்னும் மோசமாகத்தான் ஆகும். 'சிகிச்சை முடிந்தும் புண் கூடுகிறதே' என்று பதறி, கையில் கிடைத்ததையெல்லாம் பூசுகிற நாட்கள் அவை. மஞ்சள் அரைத்துப் பூசுவது, பவுடர் கொட்டுவது, வாட்ஸ்அப்பில் வந்த பச்சிலையை வைத்துக் கட்டுவது எதுவும் வேண்டாம். மிதமான சோப்பும் தண்ணீரும் போட்டுக் குளிக்கலாம், தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும், மைக்கோடுகள் அழிந்தால் மறுநாள் சொல்லிவிட வேண்டும். மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பைத் தொடக்கத்திலிருந்தே பூசினால் பாதிப்பு குறைகிறது என்பதற்குச் சான்று உண்டு. அதை மருத்துவர் எழுதித்தர வேண்டும். அக்குளை இறுக்கிப் பிடிக்கும் ஜாக்கெட்டைச் சில வாரம் மறந்துவிட்டு, தொளதொளவென்ற பருத்தி உடை போதும். பெரும்பாலோருக்கு நாலைந்து வாரத்தில் தோல் ஆறிவிடும். கருமை மங்கச் சில மாதம் பிடிக்கும்.

களைப்பும் கூடவே வரும். இது தூங்கி எழுந்தால் தீரும் களைப்பல்ல. படுத்தே கிடந்தால் கூடுகிறது, தினமும் கொஞ்ச தூரம் நடந்தால் குறைகிறது. வீட்டு வேலை மொத்தத்தையும் அவரே செய்தால்தான் 'பழையபடி ஆகிவிட்டார்' என்று நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: ஒன்றிரண்டு மாதம் அடுப்படியை வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தியும் ஒன்றிருக்கிறது. முன்பெல்லாம் 25 சிட்டிங், ஐந்து வாரம். பிரிட்டனில் நடந்த 'ஸ்டார்ட்' சோதனைகளுக்குப் பிறகு 40 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) அளவை 15 சிட்டிங்கில், மூன்றே வாரத்தில் கொடுப்பது பரவலாகிவிட்டது. 2020-இல் வெளியான 'ஃபாஸ்ட் ஃபார்வர்ட்' ஆய்வு, 26 கிரே அளவை ஒரே வாரத்தில் ஐந்து சிட்டிங்காகக் கொடுத்தாலும் ஐந்தாண்டு முடிவுகள் குறைவில்லை என்று காட்டியது. நாட்களைக் குறைத்தால் 'கம்மியாகக் கொடுத்துவிட்டார்களோ' என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு சிட்டிங்கிலும் அளவு கூடுவதால் கணக்கு நேராகிவிடுகிறது. தோல் பாதிப்பும் மூன்று வார முறையில் குறைவுதான். வெளியூரிலிருந்து வந்து மருத்துவமனை அருகே அறை எடுத்துத் தங்குகிற குடும்பத்துக்கு இரண்டு வாரம் மிச்சமாவது சின்ன விஷயமல்ல.

சில மாதம் கழித்து வருவது நுரையீரல் பிரச்சினை. மார்புச் சுவர் வளைந்திருப்பதால், பக்கவாட்டிலிருந்து உரசிச் செல்லும் கதிர் நுரையீரலின் ஓரத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகும். ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமல், இலேசான காய்ச்சல், மூச்சுவாங்கல் வந்தால் அது கதிர்வீச்சால் வந்த நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். அடிக்கடி வருவதில்லை. கழுத்தடிக் கணுக்களுக்கும் சேர்த்துக் கதிர் கொடுத்தவர்களுக்கு வாய்ப்பு சற்று அதிகம். ஸ்டீராய்டு மாத்திரைக்குக் கட்டுப்படும். அழற்சி ஆறியபின் நுரையீரலின் மேற்பகுதியில் தழும்பு தங்கிவிடுவதுண்டு. நம் ஊரில் இதற்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தத் தழும்பு எக்ஸ்ரேயில் காசநோய் போலத் தெரியும். பழைய சிகிச்சையைச் சொல்லாவிட்டால், சளிப் பரிசோதனைக்கும் காசநோய் மாத்திரைக்கும் வீணாக அலைய நேரிடும்.

கை வீக்கம் கதிர்வீச்சால் மட்டும் வருவதல்ல. அக்குள் கணுக்களை அறுத்து எடுப்பதே அதற்கு முதல் காரணம். 'அமரோஸ்' என்ற ஐரோப்பிய ஆய்வில், அக்குளை முழுதாகச் சுத்தம் செய்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு ஐந்தாம் ஆண்டில் கை வீக்கம் இருந்தது. அறுவைக்குப் பதிலாக அக்குளுக்குக் கதிர் மட்டும் கொடுத்தவர்களில் 11 பேர். இரண்டும் ஒருவருக்கே நடந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். நோய் முற்றிய நிலையில் வருபவர்கள் நம்மிடையே அதிகம் என்பதால், இரண்டும் தேவைப்படுபவர்களும் அதிகம். வீக்கம் ஒரே நாளில் வராது. அந்தக் கை வளையல் மட்டும் ஏறமாட்டேன் என்கிறது, ஜாக்கெட்டின் ஒரு கை மட்டும் பிடிக்கிறது என்றால் அப்போதே காட்ட வேண்டும். தொடக்கத்தில் அழுத்த உறையும் பயிற்சியும் போதும். பானை போல் வீங்கியபின் போனால் குறைப்பது கடினம்.

மற்றவை சுருக்கமாக. மார்பகம் சற்றே சுருங்கி இறுகலாம். செயற்கை இம்பிளாண்ட் வைத்து மார்பகத்தைச் சீரமைத்திருந்தால், கதிர்வீச்சு அதைச் சுற்றித் தழும்பை இறுக்கும், ஆகவே சீரமைப்பை எப்போது செய்வது என்பதை முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டும். விலா எலும்பு முறிவும், கைக்குப் போகும் நரம்புக்கொத்து பாதிக்கப்படுவதும் இன்றைய அளவுகளில் அரிது.

இப்போது இதயம்.

1994-இல் ஜாக் குசிக்கும் சக ஆய்வாளர்களும் பழைய சோதனைகளில் பங்கேற்ற பெண்கள் எதனால் இறந்தார்கள் என்று பிரித்துப் பார்த்தபோது, கதிர்வீச்சு பெற்றவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு குறைந்திருந்தது, ஆனால் இதய நோய்ச் சாவு கூடியிருந்தது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்துக்கொண்டது அன்றைய சிகிச்சை. இது வெறும் தற்செயலா என்று சோதிக்க இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. இதயம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதால், இடது மார்பகத்துக்குக் கதிர் பெற்றவர்களையும் வலது மார்பகத்துக்குப் பெற்றவர்களையும் ஒப்பிட்டால் போதும், மற்றதெல்லாம் ஏறக்குறைய சமம். அமெரிக்காவில் 1973 முதல் 1979 வரை நோய் கண்டறியப்பட்ட பெண்களில், 15 ஆண்டுகளில் மாரடைப்பு வகை இதய நோயால் இறந்தவர்கள் இடப்பக்கத்தவரில் 13.1 சதவீதம், வலப்பக்கத்தவரில் 10.2 சதவீதம். 1980-களின் பிற்பகுதியில் சிகிச்சை பெற்றவர்களிடம் அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிட்டது. கதிரைக் குறிபார்க்கும் விதம் மாறியதே இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

கதிர் இதயத்தை நேரடியாகச் சுடுவதில்லை. இரத்தக் குழாயின் உட்சுவரை மெதுவாகப் புண்ணாக்கி, கொழுப்புப் படிவதை விரைவுபடுத்துகிறது. இதயத்தின் முன்பக்கத்தில் இறங்கும் இடது முன் தமனி, இடது மார்பகத்துக்குப் போகும் கதிரின் பாதைக்கு மிக அருகில் இருக்கிறது. 2013-இல் சாரா டார்பியும் குழுவினரும் சுவீடன், டென்மார்க் நாடுகளில் 1958 முதல் 2001 வரை கதிர்வீச்சு பெற்ற 2,168 பெண்களின் பழைய கோப்புகளைத் தோண்டியெடுத்து, ஒவ்வொருவரின் இதயத்துக்கும் போன அளவைக் கணக்கிட்டார்கள். இதயத்துக்குச் சராசரியாகப் போகும் ஒவ்வொரு கிரே அளவுக்கும் மாரடைப்பு போன்ற நிகழ்வுகளின் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுகிறது என்பது முடிவு. ஐந்து ஆண்டுக்குள்ளேயே தொடங்கி, 20 ஆண்டுகளுக்கும் அது தொடர்ந்தது.

இந்த 7.4 என்ற எண் செய்திகளில் அடிபடும்போதெல்லாம் 'நூறு பேரில் ஏழு பேருக்கு மாரடைப்பு' என்று படித்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. இது வட்டிக் கணக்கு. உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் இதய ஆபத்துதான் முதல், அதன்மேல் ஏறுவதுதான் கதிரின் வட்டி. முதல் சிறிதானால் வட்டியும் சிறிது. 50 வயதுப் பெண்ணின் இதயத்துக்கு 3 கிரே போகிறது என்று வைத்துக்கொள்வோம். வேறு இதயப் பிரச்சினைக்கான காரணம் எதுவும் இல்லாதவர் என்றால், 80 வயதுக்குள் மாரடைப்பு போன்ற நிகழ்வு வரும் வாய்ப்பு ஆயிரத்துக்கு 45-லிருந்து 54 ஆகிறது. இதய நோய்க்கான காரணம் ஒன்றாவது இருப்பவருக்கு 80-லிருந்து 97 ஆகிறது. ஒரே அளவு கதிர்தான். முதலாமவருக்கு ஆயிரத்துக்கு 9 கூடுகிறது, இரண்டாமவருக்கு 17.

அந்த முதல் எதனால் ஆனது? சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, உடல் பருமன், புகை. நம் ஊரில் ஐம்பது வயதுப் பெண்களில் சர்க்கரையும் அழுத்தமும் எவ்வளவு சகஜம் என்று சொல்ல வேண்டியதில்லை. கீமோவில் சிவப்பு நிறத்தில் ஏற்றும் டாக்சோரூபிசின், ஹெர்2 வகை நோய்க்குக் கொடுக்கும் டிராஸ்டுசுமாப் ஆகியவையும் இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடியவை. ஆக, கதிர்வீச்சு முடிந்த பிறகு சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுவதும் புற்றுநோய்ச் சிகிச்சையின் தொடர்ச்சிதான்.

வட்டி விகிதத்தைக் குறைக்கவும் இன்று வழி இருக்கிறது. சிடி ஸ்கேன் எடுத்து, இதயமும் நுரையீரலும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துத்தான் கதிரின் கோணத்தை வகுக்கிறார்கள். இடது மார்பக நோயாளிகளுக்கு மூச்சை நன்றாக இழுத்து இருபது விநாடி போல் பிடித்து வைக்கச் சொல்லி, அந்த நேரத்தில் மட்டும் கதிர் பாய்ச்சும் முறை உண்டு. நுரையீரல் விரிந்ததும் இதயம் பின்னும் கீழுமாக நகர்ந்து கதிரின் பாதையிலிருந்து விலகுகிறது. பலருக்கு இதயத்துக்குப் போகும் கதிர் அளவு பாதியாகவோ இன்னும் குறைவாகவோ இறங்கிவிடுகிறது. எல்லா மையங்களிலும் இந்த வசதி இல்லை. இருக்கிற இடத்திலும் நோயாளி சில நாள் வீட்டில் மூச்சுப் பிடித்துப் பழகினால்தான் சரியாக வரும். இந்த முறையை இடது மார்பக நோயாளிகள் அனைவருக்கும் கிடைக்கச் செய்வது ஆடம்பரம் அல்ல, அரசு மருத்துவமனைகளிலும் வர வேண்டிய அடிப்படை வசதி என்பது என் கருத்து.

கதிர்வீச்சே இன்னொரு புற்றுநோயைத் தருமா? தரலாம், அரிதாக. நுரையீரல் புற்றுநோய் அதில் முக்கியமானது, அதுவும் புகைபிடிப்பவர்களுக்கு. 2017-இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி, தொடர்ந்து புகைபிடிப்பவருக்கு மார்பகக் கதிர்வீச்சால் கூடும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து நூற்றுக்கு 4 வரை போகலாம். புகைக்காதவருக்கு ஆயிரத்துக்கு 3 அளவுதான், இதயச் சாவும் ஏறக்குறைய அதே அளவு. முன்பு மனத்தில் வைக்கச் சொன்ன நூற்றுக்கு 4 உயிரை இங்கே எடுத்துப் பாருங்கள். புகைக்காத பெண்ணுக்குத் தராசு தெளிவாக ஒரு பக்கம் சாய்கிறது. புகைப்பவருக்கு அது நிமிர்ந்து நின்றுவிடுகிறது. பீடியோ சிகரெட்டோ, சிகிச்சைக்கு முன் விட்டால் அந்த ஆபத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆஞ்சியோசார்கோமா என்ற மிக அரிய புற்று, ஐந்து பத்து ஆண்டு கழித்துக் கதிர் பட்ட தோலில் ஊதா நிறக் கன்றல் போலத் தோன்றும். அடிபடாமலே கன்றினால் காட்டிவிட வேண்டும். நாற்பது வயதுக்குள் கதிர் பெற்ற பெண்கள் மறு மார்பகத்துக்கு ஆண்டுதோறும் மேமோகிராம் எடுப்பதைத் தவற விடக்கூடாது.

எல்லோருக்கும் கதிர்வீச்சு கட்டாயமா? இல்லை. 'பிரைம் 2' என்ற ஆய்வில் 65 வயது கடந்த, சிறிய கட்டியும் கணுப் பரவல் இன்மையும் ஹார்மோன் ஏற்கும் வகை நோயும் கொண்ட பெண்கள் பங்கேற்றனர். ஹார்மோன் மாத்திரை எல்லோருக்கும் உண்டு. பத்தாண்டில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது கதிர்வீச்சு பெறாதவர்களில் 9.5 சதவீதம், பெற்றவர்களில் 0.9 சதவீதம். உயிரோடிருந்தவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ 81 சதவீதம். எழுபது வயதில், இதய நோயும் இருக்கிற ஒருவர் மருத்துவரோடு பேசிக் கதிர்வீச்சை விட்டுவிடுவது நியாயமான முடிவாக இருக்கக்கூடும். நாற்பத்தைந்து வயதில், கணுக்களில் நோயோடு வந்தவர் 'கரண்ட் வைத்தால் இதயம் போய்விடுமாம்' என்று பயந்து பாதியில் நிறுத்தினால், கண்ணுக்குத் தெரியும் பெரிய ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்.

திட்டமிடும் சிடி ஸ்கேனுக்குப் போகும் நாளில் கதிர்வீச்சு மருத்துவரிடம் கேளுங்கள்: என் இதயத்துக்குச் சராசரி எத்தனை கிரே? மூச்சுப் பிடிக்கும் முறை எனக்குப் பொருந்துமா? கணுக்களுக்கும் கொடுக்கிறீர்களா? இது மருத்துவரைச் சந்தேகிப்பதாகாது. அந்த எண் அவருடைய கணினித் திரையில் ஏற்கெனவே இருக்கிறது.

சிகிச்சை முடிந்ததும் சுருக்க அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பக்கம், மொத்தம் எத்தனை கிரே, எத்தனை சிட்டிங், எந்தெந்தக் கணுக்கள், இதயத்துக்குப் போன அளவு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். செல்போனில் ஒரு படமும் எடுத்து மகளுக்கோ மகனுக்கோ அனுப்பிவையுங்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து மூச்சுவாங்கல் என்று வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர் முன் உட்காரும்போது, சர்க்கரை, பிரஷர் மாத்திரைச் சீட்டுகளோடு அந்தத் தாளையும் மேசைமேல் வையுங்கள்.